காட்டு மான் யாருடைய சொத்து?

சில ஆண்டுகளுக்கு முன்பு, பகாங் மாநிலத்தில் காட்டையொட்டி அமைந்துள்ள ஒரு ரப்பர் தோட்டத்திற்கு விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்தச் சென்றிருந்தேன். பால் நிறுத்து முடிந்து, குளித்து உண்டு, மக்கள் மாலையில் தோட்ட மண்டபத்தில் கூடியிருந்தனர். வனவிலங்குகளைப் பாதுகாக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி நான் பேசி முடித்ததும், பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர் அவர்.

"ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். நான் வளர்க்கிற ஆட்டை ஒருத்தன் பிடித்துக்கொண்டு போனால் அது திருட்டு. அது எனக்கு விளங்குகிறது. காட்டிலே திரிகிற மானுக்கு யார் புல் போட்டது? யார் தண்ணீர் காட்டினது? அதை ஒருத்தன் பிடித்துத் தின்றால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டார்.

மண்டபத்தில் சிரிப்பொலி எழுந்தது. ஆயினும் அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. காட்டோரத்தில் வாழும் பலருடைய மனத்திலும் இருக்கும் கேள்வியையே அவர் வெளிப்படையாகக் கேட்டார். அன்று நேரமின்மையால் நான் சுருக்கமாகக் கூறிய பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்விக்குரிய முழுமையான பதிலை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன்.

நம் நாட்டு மான்கள்

மேற்கு மலேசியக் காடுகளில் மூவகை விலங்குகளை மக்கள் பொதுவாக மான் என்று அழைக்கின்றனர்.

முதலாவது, மலாய் மொழியில் ரூசா எனப்படும் கடமான். மூன்றனுள் மிகப் பெரியது இதுவே. நன்கு வளர்ந்த ஆண் மான் நூறு கிலோவுக்கும் மிக அதிகமான எடையுடையது. ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. அது விழுந்து மீண்டும் முளைக்கும். பகலில் புதரில் படுத்திருந்து, அந்தி சாய்ந்த பின் மேய்ச்சலுக்கு வெளிவரும். காட்டின் உட்புறத்தைவிடக் காட்டின் ஓரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் உள்ள இளந்தழைகளை இது பெரிதும் விரும்பும். தோட்ட எல்லையில் இதன் குளம்படி காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, கீஜாங் எனப்படும் குரைக்கும் மான். ஏறத்தாழ ஓர் ஆட்டின் அளவே இருக்கும். ஆபத்தை உணர்ந்தால் நாய் குரைப்பது போன்று ஒலி எழுப்புவதால் இப்பெயர் பெற்றது. பேங்க் நெகாரா மலேசியாவின் சின்னத்தில் காணப்படும் விலங்கு இதுவே.

மூன்றாவது, கஞ்சில், பெலாண்டோக் என்று மலாய்க் கதைகளில் புகழ்பெற்ற சருகுமான். இரண்டு கிலோ எடை அளவேயுள்ள இதற்குக் கொம்பு கிடையாது. விலங்கியல் அறிஞர்கள் இதனை உண்மையான மானினத்தில் சேர்ப்பதில்லை. எனினும் நாட்டு வரலாற்றில் இதற்குப் பெரும் இடமுண்டு. வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து நின்றதைக் கண்டு வியந்து, பரமேசுவரன் அவ்விடத்திலேயே மலாக்கா நகரை நிறுவினார் என்னும் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர்.

இவை விரைவாகப் பெருகும் விலங்குகள் அல்ல என்பதைத் தோட்ட மக்கள் நினைவிற் கொள்ள வேண்டும். காட்டுப்பன்றி ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும். கடமானோ, ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து, பொதுவாக ஒரே ஒரு கன்றை ஈனும். சினையுற்ற ஒரு பெண் மானைக் கொல்பவன் இரண்டு உயிரையும், அவற்றின் வழியே வரவேண்டிய தலைமுறையையும் சேர்த்தே அழிக்கிறான்.

பொது நிலம் என்பது ஆளில்லாத நிலம் அன்று

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். மானுக்குப் புல் போட்டது யார்?

புல் போட்டது காடு. அந்தக் காடு யாருடையது? நம் நாட்டின் அரசியலமைப்புப்படி நிலமும் காடும் மாநில அரசாங்கங்களின் பொறுப்பில் உள்ளன. மக்கள் அனைவருக்காகவும் அரசாங்கம் அவற்றைக் காத்து வருகிறது. காப்புக் காடுகளுக்குள் நுழைவதற்கே 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். ஆகவே பொது நிலம் என்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலமன்று. எல்லாருக்கும் சொந்தமான நிலம்.

இதைத் தோட்டத்திலுள்ள ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். லயத்துக்குப் பொதுவான தண்ணீர்த் தொட்டியை எவரும் தம் கைக்காசில் கட்டவில்லை. அதற்காக ஒருவர் அதன் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றால் வாளாவிருப்போமா? "அது யாருடைய தொட்டி?" என்று அவர் கேட்டால், "எங்கள் எல்லாருடைய தொட்டி" என்றுதானே பதிலளிப்போம்? காட்டு மானும் அத்தகையதே. திருட்டு வேட்டையாடுபவன் தனக்குரிய பங்கை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் பங்கையும், உங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்தே எடுத்துச் சென்று விற்கிறான்.

சட்டம் வளர்ந்த வரலாறு

மானைக் காக்கும் சட்டம் நேற்று இயற்றப்பட்டதன்று. கூட்டு மலாய் மாநிலங்களில் 1911ஆம் ஆண்டிலேயே காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காக்கச் சட்டம் இருந்தது. 1930ஆம் ஆண்டில் வனவிலங்குகளைப் பற்றி விசாரிக்க ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதனை நடத்திய தியோடோர் ஹப்பேக் என்பவர், இளமையில் யானையையும் காட்டெருமையையும் வேட்டையாடிப் பெயர் பெற்றவர். வேட்டைக்காரராகக் காட்டுக்குள் சென்ற அவரே, காடு வறண்டுபோவதைக் கண்டு, அதன் காவலராக மாறினார். இன்று தாமான் நெகாரா என நாம் அறியும் தேசியப் பூங்கா 1930ஆம் ஆண்டுகளின் இறுதியில் தோன்றியதற்கு அவருடைய விடாமுயற்சி ஒரு முக்கிய காரணமாகும்.

சுதந்திரத்திற்குப் பின், 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில், 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பராமரிப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் மாதம் நடப்புக்கு வந்தது. 2022ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன. மிகக் கொடிய குற்றங்களுக்குப் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க இன்று சட்டத்தில் இடமுண்டு. இச்சட்டம் மேற்கு மலேசியாவிற்கும் லாபுவானுக்கும் உரியது. சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

சட்டம் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை. சில விலங்குகளை, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பெற்று வேட்டையாடலாம். வேறு சிலவற்றை எவரும் தொடக்கூடாது. மானைப் பொறுத்தவரை, உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வேட்டையாடலாம் என்ற முறை ஒரு காலத்தில் இருந்தது. ஆயினும் மான்கள் பல காடுகளில் அருகிவிட்டதை அறிந்த அரசாங்கம், 2010ஆம் ஆண்டையொட்டிய காலந்தொட்டு, கடமானுக்கும் கீஜாங்கிற்கும் வேட்டை உரிமம் வழங்குவதை நிறுத்தி வைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். "என்னிடம் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது, நான் சுடலாம்" என்று சிலர் கூறுகின்றனர். இது தவறு. துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமத்தை வழங்குவது காவல்துறை. அது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைச் சார்ந்தது. விலங்கை வேட்டையாடுவதற்கான உரிமம் வேறு. அதனை வழங்குவது பெர்ஹிலித்தான். முன்னது இருப்பதால் பின்னது இருப்பதாக ஆகிவிடாது. காரோட்டும் உரிமம் இருப்பதால் பிறருடைய காரை எடுத்துச் செல்லலாம் என்று பொருளாகுமா?

ஒராங் அஸ்லி மக்கள் மட்டும் வேட்டையாடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தலைமுறை தலைமுறையாகக் காட்டையே நம்பி வாழும் அம்மக்கள், சட்டம் குறிப்பிடும் சில விலங்குகளைத் தம் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் வேட்டையாட அனுமதிக்கப்பட்டுள்ளனர். விற்பனைக்காக வேட்டையாட அவர்களுக்கும் உரிமை இல்லை.

கம்பிக் கண்ணி செய்யும் கொடுமை

திருட்டு வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் இரு முறைகளைக் கையாள்கின்றனர்.

ஒன்று, கண்ணி. மலாயில் ஜெராட் என்பர். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியோ வேறு உறுதியான கம்பியோ ஒன்றைச் சுருக்காக முடிந்து, மான் நடக்கும் தடத்தில் வைத்து, வளைத்த மரக்கிளையோடு கட்டிவிடுவர். மான் கால் வைத்ததும் கிளை நிமிரும்; சுருக்கு இறுகும். விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி தோலை அறுத்து எலும்பு வரை இறங்கும். வைத்தவன் நாள்கணக்கில் வராமலிருந்தால், அது உணவும் நீருமின்றி அங்கேயே மடியும். அழுகிய இறைச்சி எவருக்கும் பயன்படுவதுமில்லை.

கண்ணிக்குக் கண் கிடையாது. மான், தாப்பிர், கரடி, புலி, யானைக்கன்று ஆகிய எதன் காலையும் அது விடாது. ஆகவேதான், எந்த விலங்குக்காக வைத்தாலும், கண்ணி வைப்பதையே சட்டம் குற்றமாக்கியுள்ளது. கண்ணிகளைக் கையில் வைத்திருப்பதும் குற்றமே. காய்கறிப் பாத்தியையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றி தின்றுவிடுகிறதென்று கம்பிச் சுருக்கு வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். "பன்றிக்குத்தான் வைத்தேன்" என்னும் சொல் உங்களைக் காப்பாற்றாது. வேலி கட்டுங்கள், தொல்லை மிகுந்தால் நிர்வாகத்தின் வழியாகப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முறையிடுங்கள்.

முன்பு குறிப்பிட்ட முதியவர், கூட்டம் கலைந்தபின் என்னிடம் தனியே வந்தார். தாம் ஆசையோடு வளர்த்த பசுவொன்று, தோட்ட எல்லையைத் தாண்டி மேயப் போய்க் கண்ணியில் அகப்பட்டதையும், மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்தபோது கால் குளம்புக்குமேல் அழுகியிருந்ததையும், வேறு வழியின்றி அதை இழக்க நேர்ந்ததையும் கூறினார். "அந்தக் கம்பியை வைத்தவனுக்கு என் மாட்டின்மேல் என்ன கோபம், ஐயா?" என்றார். தாம் மண்டபத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடையைத் தாமே கூறிவிட்டதை அவர் உணர்ந்தாரோ இல்லையோ, நான் உணர்ந்தேன்.

மற்றொரு முறை, இரவில் விளக்கடித்துச் சுடுதல். ஒளி பட்டதும் மானின் கண்கள் மின்னும். திகைத்து நிற்கும் அதனைச் சுட்டு வீழ்த்துவர். உப்புச் சுவைக்காக விலங்குகள் தேடி வரும் உப்பு நிலங்களில் மறைந்திருந்து சுடுவோரும் உளர். இம்முறையால் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு நேரடியான ஆபத்து உண்டு. விடிவதற்கு முன்பே நெற்றி விளக்குடன் நிரைக்குள் செல்பவர்கள் நீங்கள். இருட்டில் அசைவதும் மின்னுவதும் எல்லாம் மானாகத் தோன்றும் ஒருவன், குறிபார்த்த துப்பாக்கியோடு எல்லைக்கு அப்பால் நிற்கிறான். தம்முடன் வந்த நண்பரையே விலங்கெனக் கருதிச் சுட்டுவிட்ட வேட்டைக்காரர்களைப் பற்றி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். அந்தக் குண்டு மானை மட்டுமே தேடிச் செல்லும் என்று எவர் உறுதி கூற முடியும்?

மான் குறைந்தால் புலி எங்கே போகும்?

நம் நாட்டு அரசுச் சின்னத்தைத் தாங்கி நிற்பவை இரு புலிகள். 1950ஆம் ஆண்டுகளில் நம் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2016ஆம் ஆண்டு தொடங்கி 2020ஆம் ஆண்டு வரை நடைபெற்ற முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு.

புலியின் அழிவுக்கும் மான் திருட்டுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஒரு புலி, சராசரியாக வாரத்திற்கு ஒரு பெரிய விலங்கையேனும் உண்டு வாழும்; ஆண்டுக்கு ஐம்பது என்று கொள்ளலாம். ஆண்டுதோறும் ஐம்பதை இழந்தும் இரை விலங்குகளின் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டுமாயின், ஏறத்தாழ ஐந்நூறு விலங்குகள் அக்காட்டில் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வதைப் போன்றது இது. திருட்டு வேட்டைக்காரன் அந்த முதலிலேயே கை வைக்கிறான்.

இதற்கிடையில், 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் தாக்கியது. மானும் அரிதாகி, பன்றியும் குறைந்துவிட்டால், பசித்த புலி என்ன செய்யும்? காட்டோரத்திலுள்ள ஆட்டையும் மாட்டையும் நாடி வரும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கித் தோட்டத் தொழிலாளர் உட்படச் சிலர் உயிரிழந்த துயரச் செய்தி நாட்டையே உலுக்கியது. அத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், காட்டில் இரை நிறைந்திருந்தால் புலி காட்டிலேயே தங்குவதற்கு வாய்ப்பு மிகுதி என்பதில் ஐயமில்லை. காட்டினுள் நடமாடும் ஒவ்வொரு மானும் உங்கள் தொழுவத்திற்கும் புலிக்கும் இடையே நிற்கும் ஒரு வேலியாகும்.

மான் செய்யும் வேறொரு தொண்டும் உண்டு. காட்டுப் பழங்களை விழுங்கும் கீஜாங், அசைபோடும்போது கொட்டைகளை வேறிடத்தில் உமிழ்கிறது. அவற்றுள் சில முளைத்து மரமாகின்றன. கூலி கேட்காமல் கன்று நடும் தொழிலாளி அது.

தோட்ட மக்களைத் தேடி வரும் வலை

மான் திருட்டில் பெரும்பணம் ஈட்டுபவன் வெளியூரிலிருந்து வருகிறான். ஆனால் அவனுக்கு உள்ளூர் உதவி தேவை. காட்டுப் பாதையைக் காட்ட ஒருவர், கண்ணியைப் பார்த்துவர ஒருவர், இறைச்சியை ஓரிரு நாள் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நூறு ரிங்கிட்டோ இருநூறு ரிங்கிட்டோ கொடுப்பான். தீபாவளிக்கு முந்திய நாள்களில் அது பெரிய தொகையாகவே தோன்றும்.

சோதனை நடைபெறும்போது என்ன நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள். இறைச்சி யாருடைய வீட்டில் இருக்கிறதோ, அவரே முதலில் கைது செய்யப்படுவார். சுட்டவன் மட்டுமே குற்றவாளி என்பதில்லை. உரிமமின்றிப் பாதுகாக்கப்பட்ட விலங்கையோ அதன் உறுப்பையோ வைத்திருப்பதும் குற்றமாகும். வழக்கு, வழக்கறிஞர் செலவு, வேலை இழப்பு, தோட்ட வீட்டை இழக்கும் அச்சம், பிள்ளைகளின் படிப்பு என்று இத்தனையையும் அந்த இருநூறு ரிங்கிட் ஈடு செய்யுமா? பணம் கொடுத்தவன் அதற்குள் வேறு ஊரில் வேறொருவரைத் தேடிக்கொண்டிருப்பான். சீதையின் கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்த மான் என்ன விளைவித்தது என்பதைத் தோட்டத்துத் திருவிழாக் கூத்துகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

மானிறைச்சி உண்ண விரும்புவோர்க்கு நேர்வழி உண்டு. பேராக் மாநிலத்தின் லெங்கோங் போன்ற இடங்களில் மான்கள் பண்ணை விலங்குகளாகவே வளர்க்கப்பட்டு வருகின்றன. முறையான பண்ணையிலிருந்து வரும் இறைச்சியை வாங்குவதில் தவறில்லை. எங்கிருந்து வந்ததென்று கேட்டால் விழிக்கும் வியாபாரியிடம் வாங்குவதே தவறு. வாங்குபவர் இல்லையெனில் கண்ணி வைப்பவனும் இருக்கமாட்டான்.

நீங்கள் செய்யக்கூடியவை

காட்டைக் காக்கும் பணியில் அரசாங்கம் பல துறைகளை ஈடுபடுத்தியுள்ளது. 2019ஆம் ஆண்டு முதல் காவல்துறையும் பெர்ஹிலித்தானும் கூட்டு நடவடிக்கைகளை மேற்கொண்டு வந்துள்ளன. ஓய்வுபெற்ற படைவீரர்களும் ஒராங் அஸ்லி மக்களும் காட்டுக் காவலர்களாகச் சேர்க்கப்பட்டனர். ஆயினும் காடு பெரிது, காவலர் சிலர். தோட்ட எல்லையை நாள்தோறும் தம் காலால் அளப்பவர்கள் நீங்கள்தாம். ஆதலின் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்:

1. எல்லையில் கம்பிக் கண்ணியைக் கண்டால், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, பெர்ஹிலித்தான் அலுவலகத்திற்கோ காவல் நிலையத்திற்கோ தெரிவியுங்கள். அதில் விலங்கு சிக்கியிருந்தால் அருகே செல்லாதீர்கள். வலியால் துடிக்கும் விலங்கு தாக்கக்கூடும்.

2. இரவில் துப்பாக்கி ஒலி கேட்டாலோ, முன்பின் அறியாத வண்டிகள் காட்டோரத்தில் நின்றாலோ, நாளையும் நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே அவர்களைத் தடுக்க முற்படாதீர்கள். அவர்கள் கையில் ஆயுதம் இருக்கும்.

3. மறுநாள் காலையில் வேலைக்குச் செல்லுமுன் அதை உடன் வேலை செய்வோரிடமும் கங்காணியிடமும் கூறுங்கள். காட்டோர நிரைகளுக்குத் தனியே செல்லாதீர்கள்.

4. பிறருடைய இறைச்சியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள இசையாதீர்கள். உறவினரே கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

5. பிள்ளைகளுக்குக் காட்டின் அருமையை எடுத்துக் கூறுங்கள். விளையாட்டாகச் சுருக்கு வைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

முதியவரின் கேள்விக்கு இனி ஒரே சொல்லில் விடை கூறலாம். காட்டு மானை ஒருவன் பிடித்துத் தின்றால் யாருக்கு நட்டம்? முதலில் நட்டம், காட்டுக்கு மிக அருகில் வாழும் உங்களுக்கே. அந்த மானைக் காத்தால் முதலில் நன்மை பெறுபவர்களும் நீங்களே. விடியற்காலையில் நிரைக்குச் செல்லும்போது காட்டின் ஓரத்தில் கீஜாங்கின் குரல் கேட்டால், நம் பொதுச் சொத்து இன்னும் களவு போகவில்லை என்று மகிழுங்கள். அக்குரலை உங்கள் பேரப்பிள்ளைகளும் கேட்க வழி செய்வோமாக.